யூத சீனியர்களுக்கு வாலன்டியரா போலாம்னு இருக்கேன், நம்மள சேத்துப்பாங்களா?

ரெண்டாவது_காபி

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் முதல் தடவையா எழுதுறேன், தப்பான இடத்துல போட்டிருந்தா மாத்தி விட்ருங்க.

அமெரிக்கா வந்து மூணு வருஷம் ஆச்சு. எச்4 விசா (வேலைக்கு வந்தவரோட குடும்பத்துக்கு குடுக்கறது), வேலைக்கு பர்மிட் இன்னும் வரல, பையன் ஸ்கூலுக்கு போயிட்டா வீட்ல நானும் நாலு சுவரும் தான். ரெண்டு தெரு தள்ளி ஒரு சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்) இருக்கு, அதை ஒட்டி வயசானவங்க மட்டும் இருக்கற அபார்ட்மென்ட் கட்டிடம். நான் தினமும் வாக்கிங் போறப்ப அங்க ஒரு பாட்டி பெஞ்சுல வாக்கர முன்னாடி வச்சுகிட்டு உக்காந்திருப்பாங்க. நான் ஹலோம்பேன். ஒரு நாள் போகலன்னா மறுநாள் "நேத்து ஏன் வரல" ன்னு அதட்டுவாங்க. அவ்ளோ தான் பழக்கம், பேர் கூட தெரியாது.

போன வாரம் அந்த கட்டிடத்து வாசல்ல வாலன்டியர்கள் தேவைன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. சீனியர்களை வீட்ல போய் பாத்து பேசிட்டு வர, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போக, சாப்பாட்டு பெட்டி கொண்டு குடுக்க, உடம்பு முடியாதவங்க, புதுசா நாட்டுக்கு வந்த குடும்பங்களுக்கு உதவன்னு நிறைய இருந்துச்சு. படிச்சதுலேந்து அதே யோசனை. ஆனா ஆயிரம் சந்தேகம், யூதர் இல்லாதவங்கள சேத்துப்பாங்களா, நாம ஏதோ மதம் மாத்த வந்த மாதிரி நினைப்பாங்களா இல்ல அவங்க நம்மள மாத்த பாப்பாங்களா, சாப்பாட்டுல என்னென்னமோ விதி இருக்காமே நான் ஏதாவது தொட்டு தீட்டாயிட்டா என்ன பண்றது, என் இங்கிலீஷ் வேற சுமார், எச்4ல இதெல்லாம் பண்ணலாமா.

வீட்டுக்காரர் "நம்ம பெத்தவங்களையே வீடியோ கால்ல தான் பாத்துக்கறோம், இதுல ஊரான் வீட்டு பாட்டியா" ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அது சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அதனாலேயே போகணும் போலவும் இருக்கு. யாராவது பண்ணியிருந்தா சொல்லுங்களேன்.

வண்டிக்காரன்

சேத்துப்பாங்களாவா, கையப் புடிச்சு இழுத்துப்பாங்க சிஸ்டர். ஆள் பத்தாத வேலை இது. நான் ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல சாப்பாட்டு பெட்டி டெலிவரி பண்றேன் (சனிக்கிழமை அவங்களுக்கு ஷபாத், அதாவது ஓய்வு நாள், அதனால ஞாயிறு). எங்க குரூப்ல கிறிஸ்தவங்க, ஒரு முஸ்லிம் பையன், எதையுமே கும்பிடாத ரெண்டு பேர்னு எல்லாரும் உண்டு. மத மாத்தம் பத்தி பயமே வேணாம், யூத மதத்துல ஊர் ஊரா போய் ஆள் புடிக்கற பழக்கம் இல்ல, நீங்களா போய் மாறணும்னு கேட்டாலும் ரப்பி (அவங்க மத குரு) மூணு தடவை திருப்பி அனுப்பணும்ங்கறது அவங்க பழைய வழக்கம். நீங்க அவங்ககிட்ட மதம் பேசாம இருந்தா போதும்.

அந்த நோட்டீஸ் அனேகமா ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ் மாதிரி ஒரு அமைப்பு போட்டதா இருக்கும். அமெரிக்கா, கனடால பெரிய ஊர் பலதுல அப்படி ஒண்ணு இருக்கு, எல்லாம் தனித்தனி, பேரும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பல இடத்துல யூதர் அல்லாதவங்களுக்கும் சேத்து தான் உதவி பண்றாங்க. நியூயார்க்ல டோரோட்னு ஒண்ணு இருக்கு, 1976ல கொலம்பியா யுனிவர்சிட்டில படிச்ச சின்ன பசங்க கொஞ்ச பேர் சேந்து ஆரம்பிச்சது, ஹீப்ருல தலைமுறைகள்னு அர்த்தம். பண்டிகைக்கு முன்னாடி வாலன்டியர்கள் கைல பெட்டிய குடுத்து அனுப்புவாங்க, ஆனா பெட்டி ஒரு சாக்கு தான், உள்ள போய் உக்காந்து பேசிட்டு வரணும்.

ஃபார்ம் குடுக்கணும், உங்கள தெரிஞ்சவங்க ரெண்டு பேர் பேர் கேப்பாங்க, பேக்ரவுண்ட் செக் இருக்கும், வண்டி ஓட்டறதா இருந்தா லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் காப்பி, அப்புறம் ஒரு ஓரியன்டேஷன். எனக்கு ஒரு மாசம் இழுத்துச்சு, பொறுமையா இருங்க. சொந்த வண்டில ஓட்டற தூரத்துக்கு மைலுக்கு 14 சென்ட் டாக்ஸ்ல கழிக்கலாம், ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு, அதாவது செலவ தனித்தனியா எழுதி கழிக்கறவங்களுக்கு மட்டும். அந்த 14 எத்தனையோ வருஷமா நகரவே இல்ல, அது சட்டத்துலயே எழுதி வச்ச நம்பர்.

முதல்ல டெலிவரில ஆரம்பிங்க. ஒண்ணே ஒண்ணு கத்துக்கணும், கதவ தட்டிட்டு நிக்கறது. நான் ஆரம்பத்துல தட்டி பத்து செகண்ட்ல யாரும் இல்லன்னு பெட்டிய வச்சிட்டு கிளம்பிடுவேன். ஒரு நாள் லிஃப்டுக்கு காத்திருந்தப்ப தான் பின்னாடி கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு, ஒரு தாத்தா சட்டைக்கு கடைசி பட்டன் போட்டுகிட்டே எட்டி பாக்குறாரு. நான் வர்றேன்னு சட்டை மாத்தப் போயிருக்காரு மனுஷன். இப்பல்லாம் தட்டிட்டு கைய கட்டிகிட்டு நிப்பேன், உள்ளேந்து வாக்கர் கால்ல மாட்டின டென்னிஸ் பந்து தரையில சர்ர்ர் சர்ர்ர்னு வர்ற சத்தம் கேக்கும், ரெண்டு நிமிஷம் ஆனாலும் சரி.

அப்புறம் என் மானம் போன கதை. முதல் வருஷம் பாஸோவர் சமயத்துல, அதான் பாஸ்கா, பெட்டியோட சேத்து என் சார்புல ஒரு பிஸ்கட் டின் வாங்கிட்டு போனேன். அந்த அம்மா சிரிச்ச முகமா "ரொம்ப நன்றி, அதை அங்கயே வெளில வச்சிருப்பா" ன்னாங்க. எனக்கு முகம் சுருங்கி போச்சு. அப்புறம் தான் தெரிஞ்சுது, அந்த எட்டு நாளும் கோதுமை, பார்லி மாதிரி தானியத்துல செஞ்சு புளிச்சது எதுவும் வீட்டுக்குள்ளயே இருக்க கூடாது, சாப்பிடறது மட்டும் இல்ல, வச்சிருக்கறதே கூடாது. அதுக்கு தான் வாரக்கணக்கா அலமாரி இண்டு இடுக்கெல்லாம் தொடச்சு வச்சிருப்பாங்க. வயசானவங்களால குனிஞ்சு நிமிந்து அதை பண்ண முடியாதுன்னு பாஸோவருக்கு முன்னாடி வீடு துடைக்கவே வாலன்டியர் கேப்பாங்க சில இடத்துல. நான் என்னடான்னா டின்னோட போய் நிக்கறேன்.

சும்மா_ஒருத்தன்

தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க தான் நல்ல வசதியான கம்யூனிட்டி ஆச்சே, அவங்களுக்கு நாம எதுக்கு? வேற ஏழைப்பட்டவங்களுக்கு பண்ணலாமே. அப்புறம் இஸ்ரேல் அரசியல் வேற இருக்கு.

வண்டிக்காரன்

தம்பி, நான் படி ஏறி போற வீடெல்லாம் நீங்க ஒரு ஞாயிறு கூட வந்து பாக்கணும். ஒத்த ரூம், சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்க பென்ஷன்) பணத்துல வாடகை போக மிச்சம் மாத்திரைக்கு. நியூயார்க்ல ஏழை யூதர்களுக்காகவே மெட் கவுன்சில்னு ஒரு அமைப்பு 1972லேந்து நடந்துட்டு இருக்கு, வசதியானவங்களுக்கு யாராவது அப்படி ஒண்ணு ஆரம்பிப்பாங்களா. எல்லா சாதி சனத்துலயும் இருக்கற மாதிரி அங்கயும் உள்ளவன் இல்லாதவன் ரெண்டும் உண்டு. அதோட தனிமைக்கு பணம் ஒரு மருந்தும் இல்ல, பெரிய வீட்டுல பேச ஆள் இல்லாம டிவிய ஓட விட்டுட்டு உக்காந்திருக்கறவங்களையும் பாத்திருக்கேன்.

அரசியல்... 88 வயசு பாட்டிகிட்ட போய் நான் ஏன் அதை பேசணும். அவங்களா பேசுனா கேட்டுப்பேன், ஓரியன்டேஷன்லயே அப்படி தான் சொல்லி குடுத்தாங்க. உங்களுக்கு மனசு ஒப்பலன்னா வேற இடத்துல பண்ணுங்க, அதுவும் நல்லது தான், சண்டை இல்ல.

நர்ஸம்மா

நான் ஹோம் ஹெல்த் நர்ஸ், என் பேஷன்ட்ல பாதி பேர் யூத சீனியர்கள். காபி மேடம், நீங்க கேக்காத ஒண்ண சொல்லணும், ஏன்னா எல்லாரும் கோஷர் கோஷர்னு (அவங்க சாப்பாட்டு விதி) தான் பயப்படுறாங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

உங்களுக்கு குடுக்கற ஆள் ஹோலோகாஸ்ட்லேந்து (ரெண்டாம் உலகப்போர் சமயத்துல நாஜிங்க யூதர்கள கொன்னு குவிச்சது) தப்பிச்சவங்களா இருக்கலாம். 2024 ஜனவரில க்ளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் (ஜெர்மனிகிட்ட பேசி இழப்பீடு வாங்கி குடுக்கற அமைப்பு, 1951ல ஆரம்பிச்சது, இவங்களுக்கு வீட்டோட உதவி ஆள் வைக்க பணம் வர்றதும் பெரும்பாலும் இவங்க மூலமா தான்) ஒரு கணக்கு வெளியிட்டுச்சு, உலகம் முழுக்க அப்ப உயிரோட இருந்தவங்க சுமார் 2,45,000 பேர், அதுல அமெரிக்கால 38,400 பேர். பாதி பேர் 86 வயசுக்கு மேல, பாதி பேர் கீழ. எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுகிட்டே வருது. அதாவது இப்ப இருக்கறவங்க பெரும்பாலும் அன்னிக்கு குழந்தைங்க. வயசு ஏற ஏற நேத்து நடந்தது மறந்து போகும், ஆனா அஞ்சு வயசுல பாத்தது மேல வந்து நிக்கும்.

எப்படி வரும்னா, என் பேஷன்ட் ஒரு அம்மா, ரஷ்யால லெனின்கிராட் (இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முற்றுகைல இருந்தவங்க. 1941 செப்டம்பர்லேந்து 1944 ஜனவரி வரைக்கும் 872 நாள் ஜெர்மன்காரன் ஊர சுத்தி வளைச்சு வச்சிருந்தான், அந்த முதல் குளிர்காலத்துல சின்ன பசங்களுக்கும் வேலைக்கு போகாதவங்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதுலயும் மாவோட என்னென்னமோ கலந்தது. இந்தம்மா மேஜை டிராயர திறந்தா நாப்கின்ல சுத்தின ரொட்டி துண்டு, மாத்திரை டப்பா பின்னாடி ஒண்ணு, தலகாணி உறைக்குள்ள ஒண்ணு. புதுசா வந்த ஒரு பொண்ணு சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் அள்ளி குப்பைல போட்டுட்டா. அன்னிக்கு முழுக்க அந்தம்மா சாப்பிடவே இல்ல. இப்ப நாங்க என்ன பண்றோம்னா பழைய துண்டுக்கு பதில் புது துண்டு, அதே நாப்கின்ல, அவங்க கண் முன்னாடியே மாத்தி வைக்கிறோம். எண்ணி பாத்துட்டு டிராயர மூடுவாங்க.

குளிக்க கூப்பிட்டா சில பேர் நடுங்குவாங்க, ஷவர் சத்தமே ஆகாது. பெரிய நாய், பூட்ஸ் சத்தம், யூனிஃபார்ம், வரிசையில நிக்க வைக்கறது, பேர் கூப்பிட்டு லிஸ்டுல டிக் பண்றது, டாக்டர் ஆபீஸ்ல ரொம்ப நேரம் காக்க வைக்கறது, எது எப்ப தொடும்னு சொல்ல முடியாது. அதனால அவங்க பின்பக்கமா போய் தோள தொடாதீங்க, முன்னாடி வந்து நின்னு பேசுங்க. என்ன பண்ணப் போறோம்னு சொல்லிட்டு பண்ணுங்க. நீங்களா பழைய கதைய கிளறாதீங்க, முக்கியமா கைல நம்பர் குத்தியிருக்கான்னு பாக்க ஆசைப்படாதீங்க. பச்சை குத்துனது ஆஷ்விட்ஸ் முகாம்கள்ல மட்டும் தான், ஒளிஞ்சு தப்பிச்சவங்க, சோவியத் பக்கம் ஓடி தாஷ்கண்ட் வரைக்கும் ரயில்ல போனவங்கன்னு நிறைய பேர் கைல ஒண்ணும் இருக்காது, அதுக்காக அவங்க பட்டது கம்மி இல்ல.

உங்க இங்கிலீஷ் சுமார்னு சொன்னீங்கல்ல, அவங்கள்ல பல பேருக்கும் சுமார் தான் :) ரஷ்யன், ஹங்கேரியன், யிடிஷ்னு ஆளுக்கு ஒண்ணு. மறதி நோய் வந்தா பல பேருக்கு கடைசியா கத்துகிட்ட மொழி தான் முதல்ல போகும், சின்ன வயசு மொழி நிக்கும். அப்ப இங்கிலீஷ் பேராசிரியரே வந்தாலும் ஒண்ணும் நடக்காது, கைய புடிச்சு உக்காந்தா போதும். ஆனா ரொம்ப ஆச்சாரமானவங்களா இருந்தா ஆம்பள பொம்பள கை குலுக்க மாட்டாங்க, நீங்க பொண்ணா இருக்கறதால பாட்டிங்ககிட்ட பிரச்சனை இல்ல, தாத்தாங்ககிட்ட அவங்களா நீட்டுனா மட்டும் குடுங்க.

ஒரு எல்லைக்கோடும் போட்டுக்கோங்க. மாத்திரை எடுத்து குடுக்கறது, குளிப்பாட்டறது, தூக்கி உக்கார வைக்கறது, பேங்க் கார்டு வாங்கிட்டு போய் பணம் எடுக்கறது, இதெல்லாம் வாலன்டியர் வேலை இல்ல. எவ்ளோ கெஞ்சுனாலும் இல்லன்னு சொல்லி கோஆர்டினேட்டருக்கு போன் போடுங்க.

மழைக்காலம்

எச்4 கேள்விக்கு, நானும் அதே படகு தான் ரெண்டு வருஷம். லாப நோக்கம் இல்லாத அமைப்பு, எப்பவுமே வாலன்டியருங்க மட்டும் பண்ற வேலை, உங்களுக்கு பணமா பொருளா எதுவும் கைமாறக் கூடாது, இந்த மூணும் சரியா இருந்தா பண்ணலாம். சம்பளத்துக்கு ஆள் வைக்கற வேலைய, உதாரணத்துக்கு ஆபீஸ் அக்கவுண்ட்ஸ், ஓசியில பண்ணிக் குடுங்கன்னு கேட்டா மட்டும் ஒதுங்கிடுங்க. சந்தேகம்னா வீட்டுக்காரர் கம்பெனி வக்கீல்கிட்ட ஒரு மெயில் போட்டு வச்சுக்கோங்க.

கோஷர் பத்தி, நானும் காய்கறி தானே, நாம செய்யறது சுத்த சைவம் தானே, தாராளமா குடுக்கலாம்னு நினைச்சேன். நடக்காது. பொருள் சைவமா இருந்தா மட்டும் பத்தாது, செஞ்ச பாத்திரம், அடுப்பு எல்லாம் கணக்கு. கண்டிப்பா கடைபிடிக்கறவங்க நம்ம வீட்டு அடுப்புல செஞ்சது எதையும் தொட மாட்டாங்க, அது நம்ம மேல அருவெறுப்பு இல்ல, அவங்க சொந்த பொண்ணு கோஷர் பாக்காத வீட்லேந்து கொண்டு வந்தாலும் அதே தான். கடையில வாங்குனா பாக்கெட்ல வட்டத்துக்குள்ள யூ எழுத்து மாதிரி முத்திரை இருக்கான்னு பாருங்க, அதுலயும் சில பேர் எந்த முத்திரைன்னு பாப்பாங்க. வெட்டாத முழு பழம் தான் தலைவலி இல்லாதது. எதுவுமே கொண்டு போகாம போறது அதைவிட நல்லது, முதல்ல கேட்டுட்டு கொண்டு போங்க. நேர்மாறா கோஷரே பாக்காத யூதர்களும் ஏகப்பட்ட பேர், நான் இப்ப போய் பாக்கற பாட்டி அந்த ரகம், என்னை பாத்து "நீ ஏம்மா இவ்ளோ பயப்படறே" ன்னு சிரிப்பாங்க.

ஆனா பாத்திரம் மட்டும் கேக்காம கழுவாதீங்க!! பாலுக்கு தனி, கறிக்கு தனின்னு ரெண்டு செட், ஸ்பாஞ்சு கூட ரெண்டு. எனக்கு முதல்ல குடுத்த வீட்ல நான் ஆசையா டீ கப்ப எடுத்து கழுவ, நீலமா சிவப்பான்னு பாக்காம கைக்கு வந்த ஸ்பாஞ்ச எடுக்க, அந்தம்மா சமையல் ரூம் வாசல்லேந்து "ஐயோ" ன்னாங்க பாருங்க. அப்புறம் ரப்பிக்கு போன் போட்டு, கப்புக்கு என்ன கதின்னு கேட்டு, பத்து நிமிஷம் நான் திருடி மாதிரி நின்னேன்.

இன்னொண்ணு, பையனுக்கு கம்யூனிட்டி சர்வீஸ் மணி நேரத்துக்காக கூட்டிட்டு போறவங்க தயவு செஞ்சு யோசிங்க. எங்க குரூப்ல ஒரு பையன், பதினாறு வயசு, ரொம்ப நல்ல பையன், ஒரு தாத்தாவுக்கு டேப்லெட்ல பேரப்பசங்களோட வீடியோ கால் போட சொல்லி குடுத்தான். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருவான். மணி நேர கணக்கு முடிஞ்சதும் கையெழுத்து வாங்கிட்டு போனவன் தான். சொல்லிட்டு கூட போகல. அந்த தாத்தா மூணு செவ்வாய் டேப்லெட்ட சார்ஜ் போட்டு மேஜை மேல வச்சுகிட்டு உக்காந்திருந்தாராம், கோஆர்டினேட்டர் சொல்லி வருத்தப்பட்டாங்க. எனக்கு ஸ்பாஞ்சு தப்பெல்லாம் தப்பே இல்ல, இது தான் தப்பு. ஆறு மாசம் வர முடியும்னா மட்டும் வீட்டுக்கு போற வேலைய எடுங்க, இல்லன்னா பெட்டி கட்டற வேலை, ஒரு நாள் வேலை எத்தனையோ இருக்கு, அதுல யாரும் உங்களுக்காக சட்டை மாத்திகிட்டு காத்திருக்க மாட்டாங்க.

பழைய_பக்கம்

எல்லாரும் அனுபவம் சொல்லிட்டீங்க, நான் புத்தகப்புழு, நான் படிச்சத சொல்றேன். நோயாளிய, முடியாதவங்கள போய் பாக்கறதுக்கு அவங்க மரபுல பிகுர் ஹோலிம்னு பேர், அது விருப்பப்பட்டா பண்ற தர்மம் இல்ல, கடமை. பல ஊர்ல இந்த பேர்லயே வாலன்டியர் குழு இருக்கும், நோட்டீஸ்ல பாத்தா முழிக்காதீங்க.

தல்மூத்ல (அவங்க பழைய மத சட்ட நூல்) நெதாரிம்னு ஒரு பகுதில இதுக்கு யோசனையெல்லாம் உண்டு. ஒரு தடவை போய் பாத்தா நோய்ல அறுபதுல ஒரு பங்கு குறையுதாம் (உடனே ஒருத்தர், அப்ப அறுபது பேர் போனா முழுசா தேறிடுவாரான்னு குறுக்கு கேள்வி கேக்கறாரு, அது தான் அவங்க ஸ்டைல்). பகல் முதல் மூணு மணி நேரத்துலயும் கடைசி மூணு மணி நேரத்துலயும் போகாதேங்கறாங்க. காலைல கொஞ்சம் தெம்பா தெரியறதால பாக்க வந்தவருக்கு இனி பிரார்த்தனை வேணாம்னு தோணிடும், சாயந்தரம் ரொம்ப முடியாம தெரியறதால நம்பிக்கையே விட்டுடுவாரு.

அதுலயே எனக்கு ரொம்ப புடிச்சது ரப்பி அகிவா கதை. அவர் சீடர்கள்ல ஒருத்தன் படுத்துட்டான், எந்த பெரிய மனுஷனும் எட்டி பாக்கல. அகிவா போனாரு. அவர் வந்ததால அந்த வீட்டை கூட்டிப் பெருக்கி தண்ணி தெளிச்சாங்க. அவன் பொழச்சுகிட்டான், "குருவே நீங்க எனக்கு உயிர் குடுத்தீங்க" ன்னான். மந்திரம் இல்ல மருந்து இல்ல, பெருக்கி தண்ணி தெளிச்சது தான். உங்களுக்கு பேச வரலன்னா துடைப்பத்த எடுங்க, அதுவும் கணக்குல சேரும்.

ஷபாத் விஷயம், வெள்ளி சூரியன் மறையறதுலேந்து சனி இருட்டற வரைக்கும். ஆச்சாரமானவங்க போன் எடுக்க மாட்டாங்க, லைட் சுவிட்ச் தொட மாட்டாங்க, காசு தொட மாட்டாங்க. சனிக்கிழமை போன் எடுக்கலன்னு பதறி போலீஸ அனுப்பிடாதீங்க. "இந்த ரூம் என்ன இவ்ளோ இருட்டா இருக்கு" ன்னு சும்மா சொல்ற மாதிரி சொன்னா லைட்ட போட சொல்றாங்கன்னு புரிஞ்சுக்கோங்க, நேரா கேக்கறதுக்கு அவங்களுக்கு கட்டுப்பாடு உண்டு. ஆனா உயிருக்கு ஆபத்துன்னா எல்லா விதியும் ஒதுங்கி நிக்கணும்ங்கறதும் அவங்க சட்டமே தான். விழுந்துட்டாங்க, நெஞ்சு வலிக்குதுன்னா ஷபாத்னு தயங்காதீங்க, 911 கூப்பிடுங்க.

ரெண்டாவது_காபி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

சேந்துட்டேன்! பேக்ரவுண்ட் செக் முடியவே அஞ்சு வாரம். வக்கீல் மெயில் போட்டாச்சு, பிரச்சனை இல்லன்னுட்டாரு. எனக்கு குடுத்தது மூணாவது மாடில ஒரு பாட்டி, 91 வயசு, ஒரு காலத்துல பியானோ டீச்சர், கண்ணு பாதி தெரியாது. வியாழன் ரெண்டு மணிக்கு போறேன். என்ன பண்றேன்னு கேட்டா வெக்கமா இருக்கு, ஒண்ணுமே பண்ணல, வந்த கடுதாசிய படிச்சு காட்றேன், முக்கியமானது ஒரு பக்கம் குப்பை ஒரு பக்கம். என் உச்சரிப்ப திருத்துவாங்க, ஸ்கூல் டீச்சர் மாதிரி திரும்ப சொல்ல வைப்பாங்க. முதல் நாள் கிளம்பறப்ப தடியா கருப்பு மார்க்கர் எடுத்து ஃபிரிட்ஜ்ல மாட்டின காலண்டர்ல அடுத்த வியாழன்ல கட்டம் முழுக்க அடைக்கற மாதிரி ஒரு எழுத்து போட்டாங்க, என் பேரோட முதல் எழுத்து. மழைக்காலம் அக்கா சொன்ன செவ்வாய்க்கிழமை தாத்தா அப்ப தான் ஞாபகம் வந்தாரு.

இப்ப வேற ஒரு கேள்வி, கொஞ்சம் அவசரம். முதல்ல சொன்னேனே பெஞ்சு பாட்டி, அவங்க நாலு நாளா பெஞ்சுல இல்ல. விசாரிச்சா அவங்க தம்பி இறந்துட்டாராம், வீட்ல ஷிவா உக்காந்திருக்காங்கன்னு சொல்றாங்க. எனக்கு அவங்க வாலன்டியர் கணக்குல கூட வரல, வெறும் ஹலோ பழக்கம். போலாமா? போனா என்ன சொல்லணும்? பூ வாங்கிட்டு போகவா?

நர்ஸம்மா

போங்க. ஷிவான்னா ஏழு, அடக்கத்துக்கு அப்புறம் ஏழு நாள் வீட்டோட இருந்து துக்கம் காக்கறது, ஜனங்க வந்து போகணும்ங்கறதுக்காகவே இருக்கறது. தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு இல்ல. பூ வேணாம், அவங்க பழக்கம் இல்ல. சனிக்கிழமை போகாதீங்க. கதவு சும்மா சாத்தி தான் இருக்கும், பெல் அடிக்காம திறந்துட்டு போகணும். கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடியிருக்கும், பாத்து பயப்படாதீங்க. அவங்க தாழ்வான ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க, வயசானவங்கன்னா சாதா நாற்காலியும் உண்டு. ஹலோ, எப்படி இருக்கீங்க, எதுவும் சொல்லக் கூடாது, அவங்களா வாய் திறக்கற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. பேசலன்னா பேசாமலேயே உக்காந்துட்டு வரலாம், அதுவும் போனதா தான் அர்த்தம்.

ரெண்டாவது_காபி

போயிட்டு வந்தேன். நீங்க சொன்ன மாதிரியே தான், பெல் அடிக்கல, கண்ணாடிக்கு வெள்ளை துணி. எட்டு பத்து பேர் இருந்தாங்க. ஓரமா ஒரு மடக்கு நாற்காலில உக்காந்தேன், வாய திறக்கல, எங்க பாக்கறதுன்னு தெரியாம என் செருப்பையே பாத்துட்டு இருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் அவங்க தலைய தூக்கி என்னை பாத்தாங்க, கொஞ்ச நேரம் யாருன்னே புடிபடல போல, வாக்கிங் ஷூ இல்லாம பாக்கறாங்கல்ல. அப்புறம் "நேத்து ஏன் வரல" ன்னாங்க.

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, மன்னிச்சுக்கோங்கன்னு மட்டும் சொன்னேன். பக்கத்து நாற்காலிய தட்டி காட்டுனாங்க, போய் உக்காந்தேன். தம்பி சின்ன வயசுல சைக்கிள் திருடுன கதை ஒண்ணு சொல்லி அவங்களே சிரிச்சாங்க. மூணாவது மாடி பாட்டி வீட்டுக்கு வியாழக்கிழமை போறது அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு, அதுக்கு தனியா ஒரு கோவம்.